ஒரு சொம்பு தண்ணீர்

அந்த நாலைந்து தெருக்களிலும் ஏசி இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். கூலிங்காரரைத் தெரியாத வீட்டையும் அப்படித்தான். பதினெட்டு வருஷம் அவன் ஒருத்தனே தோளில் ஏணியும் கையில் பையுமாக அந்த மாடிகளில் ஏறி இறங்கியவன். சத்தத்தைக் கேட்டே மெஷினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவான். 'கூலிங்காரர் கை வெச்சா அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சில்லை' என்று ஜனங்களும் சொல்லிச் சொல்லி அவனுக்குக் கொஞ்சம் தலையும் கனத்துப் போயிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாலாவது மாடிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியான அவுட்டோரை இறக்கி வைக்கும்போது இரும்புத் தாங்கி சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. மெஷின் தரைக்குப் போனது. அவன் இரண்டாவது மாடி ஜன்னல் மேலே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் பலகையில் போய் விழுந்தான். உயிர் தங்கியது, இடுப்பு தங்கவில்லை. தகடு வைத்து முடுக்கி, நாலு மாதம் படுக்கப் போட்டு, கையில் ஒரு கம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் ஏணியில் ஏற முடியாது.

அப்புறம்தான் அவன் மனைவி வேலைக்கு இறங்கினாள். அதுவரைக்கும் ஒரு ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவள். முதலில் பை தூக்கத்தான் போனாள். பிறகு ஏணியில் ஏறி, அவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மூடியைக் கழற்றினாள். ஒரு வருஷம் போவதற்குள் அவன் வாய் சொல்லி முடிப்பதற்கு முன்னால் அவள் கை வேலையை முடித்துவிட்டிருந்தது. இது அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கை அவளுது, மூளை என்னுது," என்பான் வாடிக்கையாளர்களிடம். அவர்கள் கொடுக்கும் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, வசதியான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, கம்பை மடியில் குறுக்கே போட்டுக்கொள்வான். "மொதல்ல இவளுக்கு ஸ்பேனர் எது, ஸ்பூன் எதுன்னே தெரியாதுங்க. கொழம்பு கிண்டுற மாதிரி பிடிப்பா."

வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஏணி மேல் அவளும் சிரிப்பாள். முகமெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெறித்திருக்கும், வாயைத் திறந்தால் உள்ளே போகும், அதனால் உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகியிருந்தாள்.

இன்னொரு பழக்கமும் அவனிடம் இருந்தது. அவள் கழற்றிக் கிண்ணத்தில் போட்ட ஸ்க்ரூக்களில் ஒன்றை நைசாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மூடியை மாட்டும்போது ஒன்று குறையும். அவள் மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில், சோபாவுக்கு அடியில் தேடுவாள். வீட்டுக்காரப் பெண்மணியும் சேர்ந்து தேடுவாள். போதும் என்று அவனுக்குத் தோன்றும்போது பையிலிருந்து எடுத்துக் காட்டுவான். "பாத்தீங்களா, கவனம் எங்கேயோ இருக்கு. நான் பாக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"எதுக்கு இப்படிப் பண்றீங்க?" என்று ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான். நான் விழுந்தது எதனாலன்னு நெனக்கிறே? ஒரு போல்ட்டை ஒருத்தன் சரியா முடுக்கலை. அதனாலதான். கவனம் வரணும்னா பயம் வரணும்."

அதற்குமேல் என்ன பேசுவது? எது பேசினாலும் அவன் இடுப்பு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

*

போஸ்ட்மாஸ்டரம்மா வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. முப்பத்தேழு வருஷம் தபால் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் வேறு ஊரில். தனியாக இருந்தார், ஆனால் தனியாக இருப்பவர்களின் தொய்வு எதுவும் அவரிடம் கிடையாது. காலையில் தலையைப் படிய வாரிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு வேலை நடந்தால் பக்கத்தில் நின்று கடைசிவரை பார்க்கவேண்டும் அவருக்கு.

வெயில் தொடங்குவதற்கு முன்னால் செய்யும் வழக்கமான சர்வீஸ்தான் அது. அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். கட்டிலை இழுத்துப் போட்டு, மேலே பழைய விரிப்பைப் போட்டாள். மூடியைக் கழற்றி, ஃபில்டர் இரண்டையும் உருவி எடுத்தாள். பஞ்சு மெத்தை மாதிரி தூசி படிந்திருந்தது. உள்பெட்டியான இன்டோரைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, பையின் வாலை வாளிக்குள் விட்டு, பம்பைப் போட்டு, தகடுகளின் மேல் தண்ணீரை அடித்தாள். முதலில் வந்தது கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு டீத் தண்ணீர் நிறம். உருளை ஃபேனின் இதழ் இதழாகப் பிரஷ் விட்டுத் தேய்த்தாள். ஈரக் கோணியின் வாடை அறையெல்லாம் பரவியது.

"இத்தனையையுமா நான் மூச்சில இழுத்துக்கிட்டு இருந்தேன்?" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா வாளியைப் பார்த்து.

"ஒரு வருஷ அழுக்கும்மா. இன்னும் மோசமானதெல்லாம் பாத்திருக்கேன். ஒரு வீட்டுல பல்லி குடும்பமே இருந்துச்சு."

"வாடகை குடுத்துச்சா?"

அவள் வாயைத் திறந்தே சிரித்துவிட்டாள். நாற்காலியில் இருந்த கூலிங்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"பேச்சைக் குறைச்சுட்டு வேலையைப் பாரு. ட்ரேயைத் தொடைச்சியா? தொடைச்சிருக்க மாட்டா பாருங்கம்மா, சொன்னாத்தான் செய்வா."

"தொடைச்சிட்டாளேப்பா, நான்தான் பாத்தேனே," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "அந்தக் கொழகொழன்னு இருந்ததை விரலை விட்டு வழிச்சு எடுத்தா. நீங்க டீயைக் குடிங்க, ஆறுது."

குளிர்ந்த தகடுகளில் வேர்க்கிற தண்ணீர் சொட்டுவதற்காக இன்டோரின் அடியில் ஒரு ட்ரே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடியும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி அறைக்குள்ளேயே ஒழுகும். அதனால் வேலையை முடிப்பதற்கு முன்னால் ட்ரேயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள்.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்களேன்."

போஸ்ட்மாஸ்டரம்மாவே சமையலறைக்குப் போய்க் கொண்டுவந்து ஏணிக்கு மேலே நீட்டினார். அவள் ஊற்றினாள். அவர் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "வருது, நல்லா வருது," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அவள் ஏணியைவிட்டு இறங்கும்போது அவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தாமல், ஆபீஸ் விஷயம் பேசுவதுபோலச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்துல இன்னும் பன்னண்டு வீடு இருக்கு. யாரு நல்லா செய்யறாங்கன்னு செகரெட்டரி எங்கிட்ட கேட்டாரு. உன் நம்பரைக் குடுத்திருக்கேன். வருஷக் கான்ட்ராக்டா பேசிக்க. அடுத்த தடவை நீ மட்டும் வந்தாப் போதும். பாவம், இவரு எதுக்கு மூணு மாடி ஏறி வந்து உக்காந்துட்டுப் போகணும்?"

கூலிங்காரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ரொம்ப நல்லதும்மா," என்றான் சிரித்தபடி. "எனக்கும் ரெஸ்ட் வேணும்ல."

அவள் ஃபில்டர்களைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். போஸ்ட்மாஸ்டரம்மா விரிப்பை மடிக்கப் போனார். அவன் கம்பை ஊன்றி எழுந்து, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று பால்கனிப் பக்கம் நடந்தான்.

*

அன்றும் மறுநாளும் வானம் மூடிக்கொண்டு குளுகுளுவென்று இருந்தது, யாரும் ஏசி போடவில்லை. மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று வந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தார். நாலு மணிக்கு எழுந்து காலைக் கீழே வைத்தார். வழவழவென்ற தரையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்றிருந்தது. கட்டில் காலில் இடுப்பு மோத விழுந்தார். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் குரல் கேட்டு, அவர்கள் கதவை உடைத்து உள்ளே வர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் அந்தக் குளிர்ந்த தண்ணீரிலேயே கிடந்தார். மேலே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

செய்தி தெரிந்து புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மகள் அதற்குள் வந்துவிட்டிருந்தாள். தாழ்வாரத்தில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"சர்வீஸ் பண்ணி மூணே நாள். தண்ணி எப்படி ஒழுகும்? டெஸ்ட் பண்ணினீங்களா, இல்லையா?"

"பண்ணினேன் மேடம். தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் மூடினேன்."

"ஊத்தினா எப்படி ஒழுகும்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, சொல்ல மனமில்லாதவன்போல, "ஊத்தின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையே," என்றான். "நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"ஊத்தினேங்க. அம்மாதானே சொம்பு..."

"அது ஃபில்டர் கழுவக் கேட்டதுடி." அவன் மகளை நோக்கிக் கைகூப்பினான். "என் தப்புதான் மேடம். நான் இன்னும் கவனமாப் பாத்திருக்கணும். கையைப் பிடிச்சுக்கிட்டே வேலை வாங்க முடியுமா சொல்லுங்க. இவளை நம்பி விட்டது என் தப்பு. மன்னிச்சிருங்க."

மகள் அவனிடம் குரலைத் தாழ்த்தினாள். நின்றுகொண்டிருந்த அவன் காலைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். "நீங்க உக்காருங்க சார்," என்றாள். பிறகு அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பி, "உங்களை மாதிரி ஆளுங்களை வீட்டுக்குள்ள விட்டதுக்கு எங்கம்மாவுக்கு இது வேணும்," என்றாள். நர்ஸ் வந்து சத்தம் போடும் வரை இன்னும் நிறையச் சொன்னாள். கூலிங்காரன் பெண்டாட்டி எதையும் மறுக்கவில்லை. ஃபில்டர் கழுவவா சொம்பு கேட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வீட்டுக் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள், "அவரு கூட வராருல்ல?" என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அவளுக்கு மற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டதுதான் பெரிதாக இருந்தது. அந்தச் சொம்பைத் தூக்கியது, சாய்த்தது, ட்ரேயில் தண்ணீர் சுழன்று இறங்கியது எல்லாம் கண்ணில் இருந்தது. ஆனால் எத்தனை வீடுகளில் எத்தனை சொம்பு ஊற்றியிருக்கிறாள். இது அந்த வீட்டுச் சொம்புதான் என்று எப்படிச் சொல்வது? போகிற வீடுகளில் ஒன்றுக்கு மூன்று தடவை ஊற்றிப் பார்த்தாள். ஏணியை மடக்கிய பிறகு மறுபடியும் விரித்து ஏறினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள். அணைந்திருக்கும். அதைப் பார்த்தாலும் நிம்மதி வராது.

அடுத்த ஆறு வாரமும் கூலிங்காரன் தங்கமாக நடந்துகொண்டான். பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அப்படி ஒரு மனிதனைப் பார்த்ததில்லை. காலையில் அவள் எழுவதற்கு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டே டீ போட்டுக் கொண்டுவந்து தருவான். ஸ்க்ரூவை ஒளிப்பதை விட்டுவிட்டான். யார் வீட்டிலும் அவளைப் பற்றிக் கேலி பேசவில்லை. "மெதுவாச் செய், நான் இருக்கேன்ல," என்பான். ஒருநாள் அவள் சோற்றில் கை வைத்தபடியே அழுதுவிட்டாள். அவன் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

"எல்லாருக்கும் தப்பு வரும். அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா எப்படி? எனக்கு நீ இருக்கே, உனக்கு நான் இருக்கேன். சாப்பிடு."

இந்த மனுஷனைப் போய் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறோம் என்று நினைத்து அவள் கூசிப்போனாள். அந்த முட்டையை அவனுக்காகவே சாப்பிட்டாள்.

*

போஸ்ட்மாஸ்டரம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டும் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு காலையில் அவரே போன் செய்தார். "மக ஊருக்குப் போயிட்டா. நீ வா. தனியா வா."

கடையில் ஒரு சாமான் வாங்கவேண்டும் என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி சமையலறையில் இருந்தாள். போஸ்ட்மாஸ்டரம்மா பாதியாக இளைத்திருந்தார். தலை வாரியிருக்கவில்லை. அவளால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"ஏன் இத்தனை நாளா வரலை?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவேன்மா."

"இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டு வரவேண்டியதுதான். உக்காரு." அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "என் மக என்னென்னமோ பேசினாளாமே. எனக்கு நெனவு வந்ததும் சொன்னேன், அந்தப் பொண்ணு தண்ணி ஊத்தினான்னு. மயக்க மருந்துல உளர்றேன்னுட்டா."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் ஊத்தினேனாம்மா?"

"என்ன கேக்கற நீ? சொம்பு குடுத்ததே நான்தானே. பால்கனியில போய்ப் பாத்தேன், என் செருப்பு ரெண்டும் நனைஞ்சுபோச்சு. வெயில்ல காயவெச்சேன். முப்பத்தேழு வருஷம் ஒரு ரிஜிஸ்தர் தபால் தொலைச்சதில்லை, எனக்கு ஞாபகம் தப்புமா?"

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தினதும் நெசம், ஒழுகினதும் நெசம். அப்ப நடுவுல என்னமோ ஆயிருக்கு. அந்த ரூமை மக பூட்டிட்டுப் போயிட்டா, யாரும் தொடலை. சாவி அந்த ஆணியில இருக்கு. போய்ப் பாரு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அறை ஆறு வாரப் புழுக்கத்தோடு இருந்தது. தரையில் தண்ணீர் காய்ந்த கறை, வரைபடத்தில் தீவு போட்ட மாதிரி. அவள் பால்கனிக் கதவைத் திறந்து, அவுட்டோருக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். குழாயின் வாயில் ஒன்றும் தெரியவில்லை. சுண்டு விரலை உள்ளே விட்டாள். ஒரு கணு ஆழத்தில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இழுத்தாள். அது வந்ததும் ஆறு வாரமாகக் குழாயில் நின்ற தண்ணீர் நாற்றத்தோடு பீய்ச்சிக்கொண்டு அவள் மடியெல்லாம் கொட்டியது.

கையில் இருந்தது வெள்ளைப் பட்டி. சுவரில் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைக்கிற சாமான், குழந்தைகள் விளையாடும் களிமண் மாதிரி எத்தனை நாளானாலும் காயாமல் இருக்கும். அவர்கள் பையில் எப்போதும் ஒரு உருண்டை இருக்கும். அந்தத் துண்டின் முனையில் அழுத்தின விரலின் பள்ளம் அப்படியே இருந்தது. அவள் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் பெரிதாக இருந்தது.

அவள் ஃபில்டர் கழுவியது, போஸ்ட்மாஸ்டரம்மா விரிப்பு மடித்தது, காற்று வாங்கப் போனவனின் கம்புச் சத்தம் எல்லாம் அந்த இடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வந்தது. காலை டீ வந்தது. கடைசியாக அந்த முட்டை வந்தது.

"என்னம்மா இருந்துச்சு?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

பட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். என் வீட்டுக்காரர் என்ற வார்த்தை வரை தொண்டைக்கு வந்தது. அதற்கு அப்புறம் வரவேண்டியதைச் சொல்லிவிட்டால் அந்தத் தெருக்களில் ஒரு வீட்டு வாசலிலும் ஏணியைச் சாய்க்க முடியாது. கட்டிலில் கிடக்கிற மனுஷியைப் பார்த்துச் சொல்லும் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"குளவிக் கூடும்மா," என்றாள். "மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து அடைச்சிருக்கு. அதுக்கு மூணு நாள் போதும்."



"குளவியா," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "அது பாட்டுக்கு ஒரு வீடு கட்டுறதா நெனச்சிருக்கும். என் இடுப்பைப் பத்தி அதுக்கு என்ன தெரியும், பாவம்." பிறகு அவள் கையைப் பிடித்து, "உன் மேல தப்பில்லைன்னு செகரெட்டரிகிட்ட நான் பேசறேன். பன்னண்டு வீடும் உனக்குத்தான்," என்றார்.

*

வீட்டில் கூலிங்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பட்டியை அவன் தட்டு விளிம்பில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

அவன் விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டது.

"ரெண்டு சொட்டு ஒழுகும், கூப்பிடுவாங்க, நான் போய் எடுத்துக் காட்டுவேன்னு நெனச்சேன். அவ்வளவுதான். அந்தம்மா விழும்னு நான் கனவா கண்டேன்?"

"விழுந்த அப்புறம்?"

"அப்புறம் எப்படிச் சொல்றது?" அவன் குரல் உடைந்தது. "பதினெட்டு வருஷம். என்னைப் பாத்து, உக்காந்துட்டுப் போறவன்னு சொல்லுச்சே. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே. இல்லம்மா, அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

அவள் சொல்லவில்லைதான். சொல்லவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. அது இப்போதும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நடுரோட்டுல நின்னு அடுப்பை அணைச்சேனான்னு அழுதிருக்கேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஆறு வாரமா டீ போட்டுக் குடுத்தீங்களே."

"அதை நெசமாத்தான் குடுத்தேன்," என்றான் அவன். அவன் முகத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை என்றுதான் தோன்றியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு ரெடியா இருங்க," என்றாள்.

*

மறுநாள் அவனை ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் போஸ்ட்மாஸ்டரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் மூன்று மாடியும் ஏறி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அவள் முன்னால் போய்க் காத்திருந்தாள்.

"அம்மா, எழுந்து நிக்கப் பயமா இருக்கும்ல உங்களுக்கு. இவரும் இதே இடுப்பு ஒடஞ்சு எழுந்தவருதான். எந்தக் காலை முன்னால வைக்கணும், எங்க பிடிக்கணும், எல்லாம் இவருக்குத் தெரியும். தினம் வந்து உங்களை நடக்க வைப்பாரு. காசெல்லாம் வேண்டாம். குளவி செஞ்ச பாவத்துக்கு ஏதோ எங்களால ஆனது."

போஸ்ட்மாஸ்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. "உங்களைப் போய் உக்காந்துட்டுப் போறவருன்னு சொன்னேனே அன்னிக்கு," என்றார் அவனிடம். "வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்கங்க தம்பி."

கூலிங்காரன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு செகரெட்டரி திரும்பக் கொடுத்த கீழ்மாடி வேலைக்கு இறங்கிவிட்டாள்.

அப்படித்தான் தினமும் நடந்தது. ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் விடுவாள், பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போவாள். நடுவில் அதே கட்டடத்தில் இரண்டு மெஷின் முடிப்பாள். அவள் கை பழையபடி ஆகிவிட்டது. ஒரு சொம்பு ஊற்றுவாள், இறங்கிவிடுவாள். மத்தியானம் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்பாள்.

"இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஏதாவது சொல்லியிருப்பாங்களே."

அவன் சொல்லும் வரை விடமாட்டாள். மகள் போனில் அவனிடம் பேசி, ஆஸ்பத்திரியில் அன்னிக்குக் கோபத்துல பேசினதுக்கு மன்னிச்சுக்கங்க அண்ணா என்று சொன்னதை அவன் வாயாலேயே சொல்லவைத்தாள். போஸ்ட்மாஸ்டரம்மா தன் பங்கு பிஸ்கட்டில் இரண்டை எடுத்துத் தினமும் அவனுக்கு வைத்திருப்பதைச் சொல்லவைத்தாள். தனக்கு மகன் பிறந்திருந்தால் இவ்வளவு பொறுமையாக இருந்திருப்பானா என்று அவர் கேட்டதைச் சொல்லும்போது அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தில் அவன் ஆளே கறுத்துப்போனான். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். ஒருநாள் ஸ்கூட்டரில் ஏறாமல் வாசலிலேயே நின்றான்.

"நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட."

"எதை?"

"எல்லாத்தையும். காறித் துப்பட்டும். போலீசுக்கு வேணும்னாலும் சொல்லட்டும். இந்தப் பிஸ்கட்டை என்னால திங்க முடியலை."

"சொல்லிட்டு? நீங்க பாரத்தை எறக்கி வெச்சுட்டு வந்துருவீங்க. அவங்க? உங்க தோளைப் பிடிச்சாத்தான் ஒரு அடி எடுத்து வைக்கிறாங்க. நாளைக்கு யாரைப் பிடிப்பாங்க?" அவள் வண்டியைக் கிளப்பினாள். "ஏறுங்க. நேரமாச்சு."

அவன் அழுதான். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் வண்டியை அணைக்காமல், அவன் முடிக்கும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். முன்பெல்லாம் இந்த மனுஷன் படி ஏறித் தடுமாறினாலே நெஞ்சு பதறும். இப்போது அந்த இடம் துடைத்த ட்ரே மாதிரி இருந்தது. அது அவளுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவன் ஏறி உட்கார்ந்தான்.

வெயில் காலம் முடிகிற சமயம் ஒருநாள், பன்னிரண்டு மணிக்கு அவள் மாடி ஏறியபோது போஸ்ட்மாஸ்டரம்மா கட்டிலில் இல்லை. தலையைப் படிய வாரிக்கொண்டு வாசல் கதவு வரை வந்து நின்றிருந்தார். ஒரு கை சுவரில், ஒரு கை கூலிங்காரன் தோளில். அவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு அவன் உடைந்த இடுப்போடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். வலியில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"பாத்தியா," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "டாக்டர் நேத்து வந்தாரு. இனிமே ஆள் துணையில்லாம நடக்க முடியாது, இவ்வளவுதான்னு சொல்லிட்டாரு. எனக்குக் கவலையே இல்லை. நான் கண்ணை மூடுற வரைக்கும் இந்தத் தோள் போதும். வேற யாரையும் பிடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வருவாருல்ல?"

கூலிங்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட மிச்சமில்லை, என்ன சொல்லப் போகிறாள் என்ற காத்திருப்பு மட்டும்தான் இருந்தது.

"வராம எங்கேம்மா போறாரு," என்றாள் அவள். "வருவாரு."

இரண்டாம் மாடியில் ஒரு மெஷின் பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கினாள்.

"அதுவரைக்கும் இன்னொரு சுத்து நடக்கலாமா தம்பி?" என்று போஸ்ட்மாஸ்டரம்மா கேட்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. கம்பு ஒரு தடவை தரையில் ஊன்றிய சத்தமும், நாலு கால்கள் தேய்த்துத் தேய்த்து நகரும் சத்தமும் மட்டும் படிக்கட்டு வளைவு வரைக்கும் வந்தன.